பத்தேகால் அடி அறைக்கு எத்தனை டைல்ஸ்?

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் அறையின் நீளத்தையும் அகலத்தையும் கேட்பார்கள். இரண்டையும் பெருக்கி, அதன் மேல் பத்து சதவீதம் கூட்டி, ஒரு பெட்டியின் அளவால் வகுத்து, மேசைமேல் கிடக்கும் கால்குலேட்டரிலேயே கணக்கை முடித்துவிடுவார்கள். நகைக்கடையில் சேதாரம் போடுவதைப் போல, அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "எல்லாருமே பத்து பர்சன்ட்தான் சார் போடுவாங்க" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. புது வீட்டின் தரை வேலை தொடங்கும் முன், எங்கள் மேஸ்திரியும் நானும் ஒவ்வோர் அறைக்கும் கட்டம் போட்டு, டைல்ஸை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அப்படி எண்ணியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: சேதாரம் என்பது முன்கூட்டியே போடும் சதவீதம் அன்று; டைல்ஸை எந்த இடத்தில் தொடங்கி எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கடைசியில் கிடைக்கும் விடை. ஒரே அறைக்கு, ஒரே டைல்ஸுக்கு, அது மிகக் குறைவாகவும் வரலாம், முப்பது சதவீதத்தைத் தாண்டியும் போகலாம்.

அளவெடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். வரைபடத்தில் இருக்கும் அளவை வைத்து டைல்ஸ் வாங்கக் கூடாது. வரைபடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு என்று இருப்பது செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் உள்ள அளவு. அதன் மேல் பூச்சு ஏறும். கட்டும்போது கொத்தனார் ஓரிரு அங்குலம் கூட்டியோ குறைத்தோ நூல் பிடித்திருப்பார். ஆகவே பூச்சு வேலை முடிந்து சுவர் காய்ந்த பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடங்களில், சுவரோரத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும், தரையை ஒட்டி டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெரிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் படுக்கையறை வரைபடத்தில் பத்துக்குப் பன்னிரண்டுதான். பூச்சு முடிந்து அளந்தபோது 10 அடி 3 அங்குலத்துக்கு 12 அடி 2 அங்குலம் இருந்தது. இனி வரும் கணக்கு முழுவதும் இந்த அறையை வைத்தே.

அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, அறை மூலைமட்டத்தில் இருக்கிறதா என்பது. எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்தால் போதும். இந்த அறைக்கு இரண்டு குறுக்களவும் ஏறக்குறைய 15 அடி 11 அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். கோணலான அறையில் சுவரோரம் வரும் வெட்டுத்துண்டு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வரும். ஓரத் துண்டு ஓர் அடிக்கு மேல் அகலமாக இருந்தால் ஓர் அங்குலக் கோணல் கண்ணில் படாது. அதே கோணல் நான்கு அங்குலத் துண்டில் விழுந்தால், அறைக்குள் நுழைகிறவர் பார்வை முதலில் அங்கேதான் போகும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அடுத்தது டைலின் உண்மையான அளவு. கடையில் "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லும் விட்ரிஃபைடு டைல், அதாவது அதிகச் சூட்டில் வெந்து இறுகிய கெட்டியான தரை டைல், உண்மையில் இரண்டு அடி கிடையாது. அது 600 மி.மீ.; அதாவது 23.6 அங்குலம். இரண்டு அடி என்றால் 609.6 மி.மீ. வர வேண்டும். ஒரு டைலில் ஒன்பதரை மி.மீ. குறைவது பெரிதாகத் தெரியாது. ஆனால் பரப்பளவாகப் பார்த்தால் ஒரு டைல் 4 சதுர அடி அன்று, 3.875 சதுர அடிதான். நான்கு டைல்ஸ் கொண்ட ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. பெட்டியின் மேலேயே இதை அச்சிட்டிருப்பார்கள். சில கடைகளில் 15.5 என்றே பில் போடுகிறார்கள். சில கடைகளில் 16 என்று போடுகிறார்கள். சதுர அடி 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டிக்கு 30 ரூபாய் வித்தியாசம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 65 பெட்டி வாங்கினால் 1,950 ரூபாய் சும்மா போகும். ஆகவே விலையை ஒப்பிடும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதைவிட, ஒரு பெட்டிக்கு ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு என்று கேட்பதே சரி. இரண்டு கடைகளின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும். அடி, அங்குலம் எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டு கணக்குப் போடுவது இன்னும் நல்லது. டைல்ஸ் செய்கிறவர்கள் மில்லிமீட்டரில்தான் செய்கிறார்கள்.

எங்கள் அறை மில்லிமீட்டரில் 3124-க்கு 3708. டைலுக்கு டைல் சீரான இடைவெளி விட இரண்டு மி.மீ. ஸ்பேசர் வைக்கிறோம், ஆகவே ஒரு டைல் எடுத்துக்கொள்ளும் இடம் 602 மி.மீ.

முதலில் கடைக்கணக்கைப் பார்ப்போம். பரப்பளவு 124.7 சதுர அடி. பத்து சதவீதம் கூட்டினால் 137 சதுர அடி. 15.5-ஆல் வகுத்தால் 8.85, ஒன்பது பெட்டி. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் நான்கு அங்குல உயரத்துக்கு, கதவு நிலையைக் கழித்து, ஏறக்குறைய 41 அடி 7 அங்குலம் ஓடும்; அது சுமார் 14 சதுர அடி. அதற்கு ஒரு பெட்டி. ஆக மொத்தம் பத்து பெட்டி, 40 டைல்ஸ். பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத கணக்கு.

இப்போது எண்ணிப் பார்ப்போம். ஒரு மூலையில் முழு டைலாகத் தொடங்கி வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால், 3124 மி.மீ. பக்கத்தில் ஐந்து முழு டைல்ஸ் போய், 114 மி.மீ. மிச்சம் நிற்கும். 3708 பக்கத்தில் ஆறு முழு டைல்ஸ் போய், 96 மி.மீ. மிச்சம். ஆக முழு டைல்ஸ் முப்பது. ஒரு சுவரோரம் 114 மி.மீ. அகலத்தில் ஆறு துண்டுகள் வேண்டும். ஒரு டைலை வெட்டினால் அப்படி ஐந்து துண்டுகள் கிடைக்கும் என்பதால் இதற்கு இரண்டு டைல்ஸ். மறு சுவரோரம் 96 மி.மீ. அகலத்தில் ஐந்து துண்டுகள். அதற்கு ஒரே டைல் போதும். மூலையில் வரும் சின்னத் துண்டு மிச்சத்திலேயே கிடைத்துவிடும். மொத்தம் 33. ஸ்கர்ட்டிங்குக்கு 22 துண்டுகள் வேண்டும். ஒரு டைலில் ஆறு பட்டைகள் வெட்டலாம். ரம்பம் தின்பது போக உயரம் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கு நான்கு டைல்ஸ். ஆக 37. கடைக்காரர் சொன்ன பத்து பெட்டியில் மூன்று டைல்ஸ் மிஞ்சும்.

ஆனால் எந்த நல்ல மேஸ்திரியும் இப்படிப் போட மாட்டார். இரண்டு சுவரோரத்திலும் நான்கு அங்குலப் பட்டை ஓடினால், தரை ஏதோ வாங்கிய டைல்ஸ் பற்றாமல் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். அறை கொஞ்சம் கோணலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் அவர்கள் அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, இரண்டு பக்க ஓரத்திலும் ஒரே அகலத்தில் துண்டு வரும்படி டைல்ஸை நகர்த்திக்கொள்வார்கள். நகர்த்தினால் என்ன ஆகிறது? 3124 பக்கத்தில் நடுவே நான்கு முழு டைல்ஸ், இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய 358 மி.மீ. துண்டு. 3708 பக்கத்தில் நடுவே ஐந்து முழு டைல்ஸ், இரண்டு ஓரத்திலும் 349 மி.மீ. துண்டு. பார்வைக்கு மிக அழகு. ஆனால் ஓரத்துண்டு பாதி டைலைவிட, அதாவது 300 மி.மீ.யைவிட, அகலமாகிவிட்டது. இனி ஒரு டைலிலிருந்து ஓர் ஓரத்துண்டுதான் எடுக்க முடியும். ஆகவே ஆறு வரிசை, ஏழு வரிசை, மொத்தம் 42 டைல்ஸ். தரைக்கு மட்டுமே பத்தரைப் பெட்டி.

கடைக்கணக்கின்படி பத்து பெட்டி வாங்கியவருக்கு இரண்டு டைல்ஸ் குறையும். அதுவும் கடைசி ஓரத்தில், வேலை முடியும் தறுவாயில் குறையும். அப்போது கடைக்குப் போனால் அதே டிசைன் கிடைக்கலாம். அதே ஷேடு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் இந்த 42-இல் ஒரு நன்மையும் இருக்கிறது. ஓரத்துண்டு வெட்டியபின் மிஞ்சுவது ஏறக்குறைய 240 மி.மீ. அகலமும் 600 மி.மீ. நீளமும் கொண்ட துண்டு. மூலைகள் நான்கையும் விட்டால் அப்படிப் பதினெட்டுத் துண்டுகள் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலப் பட்டை இரண்டு எடுக்கலாம், 36 பட்டைகள். ஸ்கர்ட்டிங்குக்கு வேண்டியதோ 22. ஆகவே ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக ஒரு டைல்கூட வாங்க வேண்டாம். கடைக்காரர் தரையைத் தனியாகவும் ஸ்கர்ட்டிங்கைத் தனியாகவும் கணக்குப் போடுவதால் இது அவர் கணக்கில் வருவதே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கர்ட்டிங் பட்டையின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் இடம். டைலின் தொழிற்சாலை விளிம்பு வழவழப்பாக, கோடு போட்ட மாதிரி இருக்கும். ரம்பம் போன விளிம்பில் மேல்பூச்சு சின்னச் சின்னதாகச் சிராய்த்திருக்கும், விரலை வைத்துத் தடவினால் நறநறவென்று தெரியும். 240 மி.மீ. துண்டை இரண்டாகப் பிளந்தால் ஒரு பட்டைக்குத்தான் தொழிற்சாலை விளிம்பு இருக்கும்; அதை மேலே வைத்து ஒட்ட வேண்டும். மற்றொரு பட்டைக்கு இரு பக்கமும் வெட்டுவிளிம்பு. பதினெட்டுத் துண்டுகளிலிருந்து நல்ல விளிம்புப் பட்டை பதினெட்டு கிடைக்கும். மீதி நான்கை கதவின் பின்னாலும் பீரோ வைக்கும் இடத்திலும் ஒட்டச் சொல்லலாம், அல்லது விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லலாம். ஒரே டைலை ஆறு பட்டையாக வெட்டினால் அதில் நல்ல விளிம்பு இரண்டுக்குத்தான் வரும். ஆக, ஓர மிச்சத்திலிருந்து எடுக்கும் ஸ்கர்ட்டிங் செலவில்லாதது மட்டுமல்ல, முழு டைலை அறுத்து எடுப்பதைவிடத் தரமானதும்கூட.

இந்த இரண்டு முறைக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. நாங்கள் செய்தது அதுதான். ஒரு திசையில் மட்டும் சமன் செய்வது. 3124 பக்கத்தில் இரு ஓரமும் 358 மி.மீ. துண்டு வருமாறு வைத்துக்கொண்டோம். 3708 பக்கத்தில் கதவுப் பக்கச் சுவரிலிருந்து முழு டைலாகத் தொடங்கினோம், 96 மி.மீ. பட்டை எதிர்ச்சுவரில் விழுந்தது. அந்தச் சுவர் முழுவதும் பீரோவும் அலமாரியும் நிற்கப்போகிறது. பட்டை இருப்பதே தெரியாது. இதற்கு ஆறுக்கு ஆறு, 36 டைல்ஸ். பட்டை வரிசைக்குத் தனி டைல் வேண்டாம்; ஓரத்துண்டு வெட்டிய மிச்சம் பன்னிரண்டு இருக்கிறது, அதிலிருந்து 24 பட்டைகள் வரும். ஆறு பட்டைகள் தரைக்குப் போனாலும் பதினெட்டு ஸ்கர்ட்டிங்குக்குக் கிடைக்கும். இன்னும் நான்கு பட்டைகளுக்கு ஒரே ஒரு டைல். மொத்தம் 37. மூலையில் தொடங்கி இரு பக்கமும் அலங்கோலமாக முடித்தாலும் அதே 37-தான்! சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் மோசமான அடுக்கல் உண்மையில் ஒரு டைல்கூட மிச்சப்படுத்தவில்லை என்பது காகிதத்தில் கட்டம் போட்டு எண்ணிய பிறகுதான் தெரிந்தது.

எல்லா அறைக்கும் இப்படி நல்ல விடை கிடைத்துவிடாது. சில அறைகளில் ஓரத்துண்டு பாதி டைலுக்குக் குறைவாக அமையும். அப்போது ஒரு டைலில் இரண்டு துண்டுகள் எடுக்கலாம், சேதாரம் மளமளவென்று இறங்கிவிடும். 300-ஐ ஓரிரு மில்லிமீட்டர் தாண்டினாலே போதும், அத்தனை ஓரத்துக்கும் தனித்தனி டைல் வேண்டும். இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் அறையில் நூலை ஓர் அங்குலம் நகர்த்திக் கட்டச் சொன்னால் ஒரு பெட்டி மிச்சமாகும்; கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதை மேஸ்திரியிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும். அவர் சிமென்ட் குழைத்த பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பது அவருக்கும் பிடிக்காது, நமக்கும் மரியாதை இல்லை.

ஹாலிலிருந்து அறைக்கு ஒரே டைல்ஸ் தொடர்ந்தால் இந்தச் சுதந்திரமும் போய்விடும். தலைவாசலில் நின்று பார்த்தால் இணைப்புக் கோடு ஹால் வழியாக அறைக்குள் நேராக ஓட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆசைப்படுவது இயல்பு. அப்போது அறையின் நூல் ஹாலின் நூலிலிருந்து வருகிறது. அறைக்குள் எந்த ஓரத்தில் எவ்வளவு துண்டு விழும் என்பது நம் கையில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் எல்லா அறைகளையும் ஒரே தாளில் வரைந்து எண்ணுவதுதான் வழி. நிலைப்படியில் கிரானைட் பட்டை போட்டு அறையைத் தனியாகப் பிரித்துவிட்டால் ஒவ்வோர் அறையும் தன் நூலைத் தானே வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. கிரானைட் செலவு கொஞ்சம் கூடுதல்; ஆனால் டைல்ஸில் அதற்கு மேல் மிச்சமாகிறது.

இப்போது எல்லோரும் கேட்கும் "நாலுக்கு ரெண்டு" டைல்ஸ் விஷயத்தில் இதே கணக்கு இன்னும் கடுமையாக இருக்கும். 600-க்கு 1200 மி.மீ. டைல்ஸ் ஒரு பெட்டியில் இரண்டு. பெட்டியின் பரப்பு அதே 15.5 சதுர அடி. எங்கள் அறையில் நீளவாட்டில் மூலையிலிருந்து தொடங்கினால் தரைக்கு 17 போதும். இரு திசையிலும் சமன் செய்தால் 24. ஒன்பது பெட்டிக்கும் பன்னிரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. டைல் பெரிதாகப் பெரிதாக, வீணாகும் ஒவ்வொரு துண்டும் பெரிதாகும். சின்ன அறைக்குப் பெரிய டைல்ஸ் போட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாதிக்குமேல் வெட்டித்தான் போடப்போகிறோம் என்றால் பெரிய டைல் வாங்கியதன் அழகு எங்கே தெரியும்?

குளியலறைச் சுவருக்கு வருவோம். அங்கே சதவீதக் கணக்கு முற்றிலும் பொய்த்துப்போகும், ஏனென்றால் அங்கே வாங்குவது ஒரு டைல் அன்று, மூன்று. கீழே டார்க், மேலே லைட், நடுவில் பூவோ கோடோ போட்ட ஹைலைட்டர். ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. மொத்தப் பரப்பைக் கணக்கிட்டு மூன்றாகப் பங்கு போட்டால் ஒன்றில் மிஞ்சும், மற்றொன்றில் குறையும். இங்கே வரிசை வரிசையாக எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறை. இரண்டரை அடிக் கதவு ஐந்தடிச் சுவரில் இருக்கிறது. ஏழடி உயரம் வரை டைல்ஸ். பன்னிரண்டுக்குப் பதினெட்டு டைலை, அதாவது 300-க்கு 450 மி.மீ. டைலை, படுக்கைவாட்டில் ஒட்டுகிறோம். ஏழு வரிசை போட்டால் ஸ்பேசரோடு சேர்த்து 2112 மி.மீ. வரும், ஏழடி என்பது 2134. அந்த முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேலான இடைவெளிக்காக எட்டாவது வரிசை வெட்டிப் போட வேண்டாம். டைல்ஸ் முடியும் உயரத்தை நாம் வைத்துக்கொள்வதுதானே, ஏழு வரிசையோடு நிறுத்திவிடலாம். ஒரு வரிசையில் ஏழடிச் சுவர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து டைல்ஸ். கடைசித் துண்டு 326 மி.மீ., மிச்சம் எதற்கும் ஆகாது. கதவு இல்லாத ஐந்தடிச் சுவருக்கு மூன்று முழு டைல்ஸும் 168 மி.மீ. துண்டு ஒன்றும். இந்தத் துண்டு ஒரு டைலில் இரண்டு கிடைப்பதால் மூன்றரை என்று கணக்கு. கதவுச் சுவருக்கு இரண்டு. ஆக ஒரு வரிசைக்குப் பதினைந்தரை. டார்க் மூன்று வரிசைக்கு 47, லைட் மூன்று வரிசைக்கு 47, ஹைலைட்டர் ஒரு வரிசைக்கு 16. பெட்டிக்கு ஆறு டைல்ஸ் என்றால் எட்டு, எட்டு, மூன்று, பத்தொன்பது பெட்டி. பரப்பளவை வகுத்துப் பார்த்தவருக்குப் பதினெட்டுதான் வந்திருக்கும்.

பத்தொன்பது பெட்டியும் போதும் என்று சொல்ல மாட்டேன். 48-இல் 47 போய்விட்டால் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. சுவர் டைல்ஸ் விட்ரிஃபைடு அளவுக்குக் கெட்டி இல்லை. குழாய்க்கும் கீசர் பாயிண்டுக்கும் ஓட்டை போடும்போது ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடிவிடும். டார்க்கில் ஒன்று, லைட்டில் ஒன்று என இரண்டு பெட்டி கூடுதலாக வாங்குவதே உசிதம். வென்டிலேட்டர் இடத்தைக் கழிக்க வேண்டாம். அதன் உள்பக்க ஓரங்களுக்கே அந்த டைல்ஸ் போய்விடும். தரைக்குப் போடும் ஒன்றுக்கு ஒன்று வழுக்காத டைல்ஸ் எளிது: சுவர் டைல்ஸின் கனம் போக ஐந்துக்கு ஏழு வரிசை, 35 டைல்ஸ். தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றிச் சரிவுக்காக வெட்டுவது நிறைய இருக்கும் என்பதால் நான்கைந்து சேர்த்துக்கொள்ளலாம்.

எண்ணி வாங்குவது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள் இன்றும் நடுவில் வரும் பூக்கல் இத்தனை, பார்டர் இத்தனை என்று எண்ணிக்கையாகவே சொல்லி அடித்துத் தரச் சொல்கிறார்கள். கையால் ஒவ்வொன்றாக வார்க்கும் கல்லுக்குச் சதவீதத்தைச் சொல்லி என்ன செய்வது?

எண்ணிக்கை முடிந்தபின், அதற்கு மேல் எவ்வளவு கூட்டுவது என்பது உண்மையான கேள்வி. இங்கே கூட்டுவது வெட்டுச் சேதாரத்துக்காக அன்று. அது எண்ணிக்கைக்குள் வந்துவிட்டது. லாரியில் ஏற்றி இறக்கும்போது மூலை உடைவது, வெட்டும்போது டைல் கோணலாகப் பிளப்பது, பெட்டிக்குள்ளேயே வளைந்த டைல் ஒன்று இருப்பது ஆகிய இவற்றுக்காகத்தான். பிரீமியம் என்று அச்சிட்ட பெட்டியானால் ஓர் அறைக்கு இரண்டு டைல்ஸ் போதும் என்பது எங்கள் மேஸ்திரியின் கணக்கு; விலை குறைந்த ஸ்டாண்டர்டு ரகமானால் மூலை சிதைந்தவையும் வளைந்தவையும் கூடுதலாக இருக்கும், அங்கே வெட்டுத்துண்டுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றாலும் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டும். டைல்ஸை மூலைவிட்டமாகச் சாய்த்துப் போடுவதானால் நான்கு சுவரோரமும் முக்கோணத் துண்டுகளாக இருக்கும். கட்டம் வரையாமல் அதை மதிப்பிடவே கூடாது.

இனி ஷேடு. ஒரே டிசைன், ஒரே பெயர், ஒரே எண் என்றாலும் வேறு வேறு நாளில் சூளையில் வெந்த டைல்ஸின் நிறம் ஒரு பொட்டு மாறும். அளவும் அரை மி.மீ. மாறும். பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். கடையில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேட்சும் ஒன்றாகத்தான் தெரியும். தரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது கோடு கிழித்தது போலத் தெரியும். குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் பெரும்பாலான சரக்கு வருகிறது. அங்கே ஆலைகள் டிசைனை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால், ஆறு மாதம் கழித்து அதே டைல் கிடைக்கும் என்று எண்ணுவது வீண். ஆகவே எல்லாப் பெட்டிகளையும் ஒரே தடவையில் இறக்கி, இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியின் ஷேடு எண்ணையும் பார்த்துவிட வேண்டும். வண்டி போன பிறகு பார்த்தால் திருப்பி அனுப்பும் வண்டிக்கூலி நம் தலையில்தான். ஒரு பெட்டி 25 கிலோவுக்கு மேல் கனக்கும் சரக்கு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டும் உண்டு.

மிச்சமாகும் முழுப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பல கடைகள் சொல்லும். அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: பிரிக்காத பெட்டி, இத்தனை நாளுக்குள், முழு விலைக்கா அல்லது பிடித்தம் உண்டா என்று. எழுதித் தர ஒப்புக்கொண்டால் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பெட்டி தாராளமாக வாங்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பிரித்த பெட்டியில் மிஞ்சும் மூன்று நான்கு டைல்ஸை வீசிவிட வேண்டாம். குளியலறையில் குழாய் கசிந்து சுவரை உடைக்க நேர்ந்தால் அந்த நான்குதான் கைகொடுக்கும். பரணில் படுக்க வைக்காமல், சுவரில் சாய்த்துச் செங்குத்தாக நிறுத்தி, பெட்டியிலிருந்து ஷேடு எண் இருக்கும் அட்டையைக் கிழித்து அதன் இடையிலேயே செருகி வைத்தால், பத்து வருடம் கழித்துக் கேட்கிற கொத்தனாருக்கும் எந்த அறையின் டைல் என்று தேட வேண்டியிருக்காது.